இரவல் ஊத்தாவில் அகப்பட்ட விரால்

வாலிகண்டபுரம் அருகிலிருந்து,
வைகாசி மாதக் கடைசி, 1999.

என் உடன்பிறப்பும், நான் எழுதுவதைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரே மனிதருமாகிய செந்துறை செல்லதுரை அண்ணன் அவர்களுக்குத் தங்கை சிந்தாமணி பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் தங்கள் மச்சான் அரியமுத்து நலம். பிள்ளைகள் நலம். ஆடு, கோழி யாவும் நலம். என் கொழுந்தன் பெண்டாட்டி தனம் மிக மிக நலம். அது குறித்துத்தான் இக்கடிதம்.

நமது செந்துறைப் பக்கம் மானாவாரி பூமி என்பதால் ஏரி மீன்பிடி வழக்கம் தங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திராது. கோடை முடியும் தறுவாயில், எங்களூர்ப் பெரிய ஏரியின் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும், ஊரே இறங்கி மீன் பிடிப்பது இங்கு முறைமை. ஊத்தா என்பது மேலும் கீழும் வாய் திறந்த மூங்கில் கூடை. அதைச் சேற்றில் அழுத்த வேண்டும். உள்ளே மீன் முட்டினால் மேல்வாயை நெஞ்சால் மூடியபடி கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அகப்படும் மீன்களில் எது பெரிய விராலோ, அதன் தலை எந்த வீட்டுக்கு உரியதோ, அந்த வீட்டுப் பெண்தான் மறு ஆண்டு ஏரியில் முதல் கால் வைக்க வேண்டும். அவள் இறங்கிய பிறகே ஊர் இறங்கும். இரவல் ஊத்தாவில் மீன் விழுந்தால் உடல் பிடித்தவருக்கு, தலை ஊத்தாவுக்குரிய வீட்டுக்கு. இவ்விதியைத் தயவுசெய்து மனத்தில் நிறுத்திக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

அந்த முதல் காலுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. புதிதாக ஓர் ஊத்தா முடையச் சொல்லி, பங்குனி தொடங்கி வாசலில் கோழிகள்மேல் அதை அழுத்திப் பழகினேன். எங்கள் சேவல் இன்றும் என்னைக் கண்டால் கூரைமேல் ஏறிவிடுகிறது. தனமோ எறையூரில் கரும்புக் கொல்லை நடுவே வளர்ந்தவள். இந்த ஏரியில் அவள் கால் நனைத்ததே கிடையாது. நேற்று விடியற்காலை, கரையில் ஊரே கூடி நிற்கும் வேளையில் வந்து, "அக்கா, உங்க வூட்டுல பழைய ஊத்தா ஒண்ணு கெடந்துச்சே, அதக் குடுங்க. சும்மா எறங்கிப் பாக்குறேன்" என்றாள். தங்கள் மச்சான் ஒரு நொடியும் யோசிக்காமல் ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அண்ணா, அந்த ஊத்தா இருந்த இருப்பை என்னவென்று எழுதுவேன். புகை படிந்து, கோழி இறகு ஒட்டி, ஒரு பக்கம் செம்புக் கம்பி கட்டி, பிச்சைக்காரன் கூடை போல் இருந்தது. "இது சிந்தாமணி வூட்டு ஊத்தாவா?" என்று எதிர்வீட்டு ஆண்டாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்திரமும் பத்திரிகையும் வாசித்துத் தானாகவே எழுத்துக் கற்றுக்கொண்ட என்னைப் பார்த்து அந்த ஊத்தாவை என்னுடையது என்பதா? அதனை உயர்த்திப் பிடித்து, கரையிலிருந்தோர் அனைவரும் கேட்கும்படி, "தனம், இன்று முதல் இது உனக்கே உரியது. எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தேன். தனம் திருதிருவென்று விழித்தாள். "பத்திர ஆபீஸுக்கு வந்த மாதிரியில்ல இருக்கு" என்று கரையில் நின்ற இருசம்மாள் வியந்தாள். எனக்கும் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

ஊர்ப் பெரியவர் ராசாங்கம் வெள்ளைத் துண்டை வீசினார். சென்ற ஆண்டுத் தலைக்குரிய வீட்டுப் பெண் முதல் கால் வைத்ததும் ஊர் முழுவதும் ஏரிக்குள் விழுந்தது. சேறு, இரைச்சல், ஒருவர் ஊத்தா இன்னொருவர் இடுப்பில். என் புது ஊத்தாவை முதலில் அழுத்தியபோது தவளை, அடுத்து யாரோ விட்டுப்போன செருப்பு, அதற்கடுத்து இரண்டு கெண்டை என்று வந்துகொண்டிருக்கையில், மதகுக்கு நேராக ஓர் அழுத்து அழுத்தினேன். மூங்கிலே அதிரும்படி உள்ளே ஒரு முட்டு. ஒரு குழந்தை கதவைத் தட்டுவது போல இருந்தது அண்ணா. அந்த ஏரியில் அதைவிடப் பெரிய விரால் இருந்திருக்க முடியாது என்று இன்றும் எந்தச் சாமி முன்னும் சொல்வேன். அப்போதே நெஞ்சால் மூடியிருக்கலாம். ஆனால் சாட்சி இல்லாமல் பிடித்தால் நாளைக்கு ஆண்டாயி ஒப்புக்கொள்வாளா? ஆகவே நிமிர்ந்து நின்று, "அருகிலுள்ளோர் அனைவரும் சற்றே இப்பக்கம் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று அறிவித்தேன். நான் "கேட்டுக்கொள்கிறேன்" என்பதை முடிப்பதற்குள் அந்தப் பாவி மீன் மேல்வாய் வழியாக எகிறி, என் கன்னத்தில் வாலால் ஒன்று வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற தனத்தின் காலடியில் விழுந்தது. அவளுக்கு மீன் பிடிக்கவா தெரியும்? பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்ததை அமுக்கிவிட்டாள். அமுக்கி அதன்மேலேயே படுத்தும்விட்டாள். எப்படிப் படுக்க வேண்டுமோ அப்படி.

மதகடியில் எல்லா மீன்களையும் போட்டுப் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தங்கள் மச்சான் வேறு, "அடேங்கப்பா, கைப்புள்ள கணக்கா இருக்கு" என்று அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ராசாங்கம் முறைப்படி, "ஊத்தா யாரு வூட்டுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஆண்டாயி சொன்னாள்: "கேக்கவே வேணாங்க. வாரிசு வரைக்கும் சேத்து எழுதிக் குடுத்துடுச்சு சிந்தாமணி."

ஏரிக்கரையே சிரித்தது. தனம் என்னவோ சொல்ல வந்தாள். அந்தச் சிரிப்பில் அது கேட்கவில்லை, கேட்கும் நிலையில் நானும் இல்லை. தலையும் அவளுக்கு, முதல் காலும் அவளுக்கு என்று ராசாங்கம் சொல்லிவிட்டார்.

எங்களிரு வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர் என்பது தங்களுக்குத் தெரியும். நேற்று மாலை அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து வந்த வாசத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் என் இரண்டு கெண்டையைக் குழம்பு வைத்தேன். தங்கள் மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல மணமாத்தான் இருக்கு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு தம்பி வீட்டு ஏணி எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று எழுந்து போனவர், ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பினார். ஏணி பார்த்தால் ஏப்பம் வருமா அண்ணா? தலையை மறுநாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறாளாம். அந்தச் செய்தியையும் அவரே கொண்டுவந்தார். நான் சேலையைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவள் கொலுசோடு முன்னே இறங்க, நான் செருப்பும் தவளையும் பிடிக்கப் பின்னே இறங்குவதா? வயிறு எரியுது அண்ணா. இதை நல்ல தமிழில் எழுத எனக்கு வரவில்லை.

ஆகவே தாங்கள் அடுத்த ஞாயிறு தவறாமல் அரியலூர் வந்து பஸ் மாறி இவ்விடம் எழுந்தருளி, பிறந்த வீட்டுப் பக்கமாக நின்று ராசாங்கத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவள் கேட்டது இரவல். நான் கொடுத்தது தானம். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று எனில் அந்தத் தானம் செல்லுமா? வரும்போது வேட்டி வெளுத்ததாக இருக்கட்டும்.

பரிமளா அண்ணிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சேர்ப்பித்து, தங்கள் வருகைக்காக வாசலில் ஒரு கண்ணும் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணுமாகக் காத்திருக்கும்,

தங்கள் தங்கை,
அ. சிந்தாமணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் தனம் வந்தாள். ஒரு கையில் கழுவித் துடைத்த பழைய ஊத்தா. மறு கையில் எவர்சில்வர் சட்டியில் குழம்பு, அதில் முழுசாக அந்தத் தலை. "நான் எரவலுதானே அக்கா கேட்டேன்? நீங்க பேசுனது எனக்குப் பாதி வெளங்கல. நேத்தே கரையில சொல்ல வந்தேன், யாரும் கேக்கல. காலையில ராசாங்கம் அய்யாகிட்ட சொல்லிட்டேன், ஊத்தா அக்கா வூட்டுது, வர்ற வருசம் அக்காதான் மொதல்ல எறங்கணும்னு. அவரும் சரின்னுட்டாரு" என்றாள். எனவே மேலே தனத்தைப் பற்றி எழுதியவை அனைத்தும் இதன் மூலம் ரத்து செய்யப்படுகின்றன. தாங்கள் பஞ்சாயத்துக்கு வர வேண்டியதில்லை. தலையைச் சாப்பிட்டேன். குழம்பில் குறை கண்டுபிடிக்க இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டும் கிடைக்கவில்லை. ஆனால் அண்ணா, ஊரே கேட்கும்படி பெரிய வார்த்தை பேசி நான் கொடுத்தது ஓர் ஓட்டை ஊத்தா. பெரிய வார்த்தை ஏதும் பேசாமல் அவள் கொடுத்தது முதல் கால். இதிலும் முந்திக்கொண்டாளே. அதனால் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வாருங்கள். இந்த எரிச்சலுக்கு யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.