ஐலா கேள்வி கேட்டாள், நான் நோயாளியானேன்

மதிப்பிற்குரிய மார்லிஸ் அக்காவுக்கு,

டுலூத்திலிருந்து தம்பி டுவேன் பணிவுடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். உன் முழங்காலும் அத்தானும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

ஐலா மருந்தாளர் படிப்பை முடிக்கப்போவது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சி இடத்துக்கு இன்று காலை கணினி வழியாக நேர்காணல். கேள்வி கேட்கிற மூன்று பேர் ஒரு நோயாளியின் கதையைச் சொல்வார்களாம். என்ன மருந்து, எவ்வளவு, எது எதோடு சேராது என்று இவள் அங்கேயே சொல்ல வேண்டுமாம். அதற்காக இருநூறு அட்டைகள் எழுதி, போன வாரம் என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, "அப்பா, நீதான் நோயாளி. அட்டைல இருக்கறத மட்டும் சொல்லு, சொந்தமா எதையும் சேக்காத" என்றாள். முதல் நாள் நிமோனியா. மத்தியானமே எனக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாம் நாள் சிறுநீரகக் கோளாறு. உப்புக்குப் பயந்து சூப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க, சார்?" என்று அவள் கேட்ட தோரணையில் அட்டையே மறந்துபோய், "ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின். வெள்ளிக்கிழமைலேர்ந்து சிறுநீர் எரிச்சலுக்கு ஒரு சல்ஃபா மாத்திரை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இது அட்டைல இல்லையே."

"இல்லம்மா."

"வார்ஃபரின் சாப்பிடறேன்னு கிளினிக்ல சொன்னியா?"

"அவசரத்துல மறந்துட்டேன். உன்கிட்ட சொன்னா படிப்பு கெடும்னு விட்டுட்டேன்."

"பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதா?"

"மூணு நாளா வருது. புது பிரஷ்ஷுன்னு நெனச்சேன்."

கோட்டுகூடப் போடாமல் என்னை ஏற்றிக்கொண்டு பனியில் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டாள். அந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தம் கசிந்தால் நிற்காதாம். ரத்தத்தில் மூன்றைத் தாண்டக் கூடாத ஏதோ ஒரு எண் எனக்கு எட்டாம். இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். அவள் ஒரு அட்டையைக்கூடத் திறக்காமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "நான் கேக்காம விட்டிருந்தா?" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படி என்னால் படிப்பு கெட்டுப்போய், இன்று பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்று கேட்டேன். ஒரு கேள்வி வந்தது, அக்கா. அதற்கு, "எனக்குத் தெரியல, பாத்துட்டுதான் சொல்ல முடியும்" என்றாள். எல்லாம் போச்சு என்று நான் அங்கேயே அழுதுவிட்டேன். முகம் வெளுத்து வந்தவள் என்னைத் தாண்டி நாயைக் கூட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள். இதைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொல். உங்கள் ஊர் மருந்துக் கடையில் ஆள் எடுக்கிறார்களா என்றும் விசாரி. நான் அழுததைச் சொல்லாதே.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மருந்துச் சீட்டு நுழையாத வீடாக உங்கள் வீட்டைக் கடவுள் வைத்திருக்கட்டும்.

உன் தம்பி,
டுவேன்

பி.கு.: ஐலா திரும்பி வந்துவிட்டாள். இன்று நடந்தது நேர்காணலே இல்லையாம், நான்தான் தேதியைக் குழப்பிக்கொண்டேனாம். அவளுடைய ஆசிரியர்கள் வைத்த ஒத்திகையாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதைத்தான் ரொம்பப் பாராட்டினார்களாம். நிஜமானது இன்னும் இரண்டு வாரம் கழித்து. ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. நோயாளி வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டாள். சனிக்கிழமை பத்து மணிக்கு உன்னைத்தான் கூப்பிடப் போகிறாள், அட்டை இல்லாமல். நீ விழுங்குகிற மாத்திரை அத்தனையையும் மேஜைமேல் எடுத்து வை. அத்தானுக்குத் தெரியாமல் வைத்திருப்பதையும் சேர்த்து.