மறுமொழிச் சட்டம்

கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வரைபடக்காரர்களே இன்னும் முடிவு செய்யாத ஓரிடத்தில் இன்மொழி நாடு இருந்தது. அந்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மன்று உண்டு. மன்று என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கல் பாவிய ஒரு திடல், நடுவில் ஓர் உயரமான மேடை. யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம். யார் வேண்டுமானாலும் அதற்குப் பதில் சொல்லலாம். எருமை காணாமல் போனதிலிருந்து எல்லைப் போர் வரைக்கும் எல்லாமே அங்கேதான் பேசப்பட்டன.

பதில் சொல்வதற்கென்று எழுதாத ஒரு மரியாதை இருந்தது. முன்னால் பேசியவரின் பேச்சில் எதற்குப் பதில் சொல்கிறோமோ அந்த வரியை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு தன் கருத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அப்படியே செய்தார்கள். சிலர் செய்யவில்லை. ஒருவர் அரைப் பொழுது பேசியதை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் 'ஆமாம்' என்று ஒற்றைச் சொல்லை வைத்துவிட்டு இறங்குவார்கள். சிலர் யாருக்குப் பதில் என்றே சொல்லாமல் 'அது எப்படி?' என்று சண்டைக்கு நிற்பார்கள். ஊர் சிரிக்கும், திட்டும், மறுநாள் மறந்துவிடும்.

அரசு மறக்கவில்லை. பண்புத்துறை அமைச்சர் குணபாலர் தலைநகரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்.

"மறுமொழி கூறுவோர் முன்னவர் சொல்லை அரைகுறையாக எடுத்துரைப்பது, முன்னவரை அரைகுறையாக மதிப்பதற்குச் சமம். ஆகவே இனி முன்னவர் பேச்சு முழுவதையும், இடையில் அவர் இருமியிருந்தால் அந்த இருமல் உட்பட, எடுத்துரைத்த பின்னரே எவரும் தம் சொல்லைத் தொடங்கலாம்."

ஒவ்வொரு நாளும் மன்றில் முதலில் படிக்கப்படுவது அரண்மனை உரை. அது நீளமானது. முதலில் பதில் சொல்பவர் அதை முழுக்கத் திருப்பிச் சொல்வதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்துவிடும். இரண்டாமவர் அந்த உரையையும் முதலாமவரின் பதிலையும் சேர்த்துச் சொல்லி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். மூன்றாமவர் என்று ஒருவர் பேசியதாக அந்தக் காலத்தில் எவருக்கும் நினைவில்லை. கருவேலி என்ற ஊரில் கூரைத் தெரு தீப்பிடித்தபோது ஓடிவந்த ஒருவர், அரண்மனை உரையின் பாதியில், 'மன்னரின் கருணை மழையில்' என்ற இடத்தில் மூச்சுவாங்கி நின்றார். மேடையிலிருந்தே பார்த்தால் தெரிந்தது, அவர் சொல்ல வந்த தெரு அப்போது அங்கே இல்லை.

மக்கள் முறையிட்டார்கள். முறையீடு ஏற்கப்பட்டது. அதுதான் அவர்களுக்கு நேர்ந்த அடுத்த கேடு.

"மக்கள் சுருக்கத்தை விரும்புகிறார்கள். அரசு மக்களின் விருப்பத்துக்கு அடிபணிகிறது" என்றார் குணபாலர். "ஆனால் சுருக்குவது பயிற்சி வேண்டிய பணி. ஆகவே ஊர்தோறும் அரசே மேற்கோள்காரர்களை நியமிக்கும். ஒருவர் பேசியதும் மேற்கோள்காரர் அதைச் சுருக்கி, அன்றைய தலைப்புக்கு ஒவ்வாததை நீக்கி, எடுத்துரைப்பார். மறுமொழி கூறுவோர் அந்த மேற்கோளுக்கு மட்டுமே மறுமொழி கூற வேண்டும். மூலப் பேச்சுக்கு மறுமொழி கூறுவது ஒழுங்கீனம்."

கருவேலியின் மேற்கோள்காரராக மாசிலாமணி நியமிக்கப்பட்டான். நாற்பதை நெருங்கும் வயது, கணீரென்ற குரல், ஒருமுறை கேட்டதை மறக்காத காது. பச்சைக்கரை போட்ட மேல்துண்டு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் தெருவில் நடந்தபோது அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நம் ஊர்ச் சனங்களின் பேச்சை அயலூர்க்காரன் வெட்டுவதைவிட நாம் வெட்டினால் வலிக்காமல் வெட்டலாமே என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் அவன் நன்றாகத் தூங்கினான்.

அவனுக்கு ஒரே அக்கா, தையல்நாயகி. புருஷனை இழந்தவள். அவளும் அவள் மகள் பவளமும் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தார்கள். அந்த வருஷம் மன்னரின் மைத்துனர் ஆற்றின் மேற்கே ஒரு சாயப்பட்டறை தொடங்கியிருந்தார். காலையில் ஆறு நீலமாக வரும், மாலையில் சிவப்பாக வரும். ஆற்றங்கரைத் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பவளத்துக்கும் கண்டது. ஏழு வயதுப் பெண், எழுந்து நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்றுல போய்ச் சொல்லப்போறேன்டா தம்பி" என்றாள் தையல்நாயகி.

"இன்னிக்கு வேணாங்க்கா. மன்னர் பிறந்தநாள். தலைப்பே அதுதான். வேற எது பேசினாலும் நான் நீக்கியாகணும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு மைத்துனர் பிறந்தநாள்."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மன்றுக்கு நடந்தாள். மேடையேறி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மன்னர் நல்லா இருக்கட்டும். எங்க பிள்ளைங்க மட்டும் இந்தச் சாயத் தண்ணியக் குடிச்சுச் சாகட்டும்னு விடலாமா?"

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். சாயம் என்று சொன்னால் மைத்துனரின் ஆட்கள் அன்றே அக்கா வீட்டுக்கு வருவார்கள். காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அவன் மேடையேறிக் கணீரென்று சொன்னான்:

"தையல்நாயகி சொன்னதாவது: 'மன்னர் நல்லா இருக்கட்டும்.'"

மன்று கைதட்டியது. அவளுக்குப் பக்கத்தில் நின்று முழுப் பேச்சையும் கேட்டவர்களும் தட்டினார்கள். ஒருவர்பின் ஒருவராக மேடையேறி, தையல்நாயகியின் நல்வாழ்த்தைத் தாமும் வழிமொழிவதாகச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் அவளுக்கு ஒரு மாலைகூடப் போட்டார். மாலையோடு அவள் வீட்டுக்கு வந்தபோது பவளம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் காப்பாத்தத்தாங்க்கா..." என்று பின்னாலேயே வந்தான் மாசிலாமணி.

"என்னையா காப்பாத்தச் சொன்னேன்?"

மறுநாள் மாசிலாமணி விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரைத் தேடி அடுத்த ஊருக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் அடைக்கலம் என்ற மேற்கோள்காரன் வந்திருந்தான். சட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவன். தையல்நாயகி மேடையேறினாள். மூலப் பேச்சைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மேற்கோளைச் சொல்லியே தொடங்கினாள்:

"'மன்னர் நல்லா இருக்கட்டும்'னு நான் சொன்னேனாம். நான் அதை மட்டும் சொல்லல. பிள்ளைங்க சாகுதுன்னும் சொன்னேன்."

அடைக்கலம் தொண்டையைச் செருமினான். "தையல்நாயகி சொன்னதாவது: 'மன்னர் நல்லா இருக்கட்டும்' என்று நான் சொல்லவில்லை."

முந்தின நாள் அவளுக்கு மாலை போட்ட ஊர்த்தலைவர்தான் முதலில் கத்தினார். பிறகு எல்லோரும் கத்தினார்கள். மன்னரை வாழ்த்த மறுத்தவள், வாழ்த்திவிட்டுப் பின்வாங்கியவள், மாலையை வாங்கிக்கொண்டு ஏமாற்றியவள். அவள் ஏதோ சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் அடைக்கலம் ஒரு மேற்கோள் எடுத்துத் தந்தான். கடைசியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்கும் மேற்கோள் வந்தது: "தையல்நாயகி மறுக்கவில்லை."

விசாரணைக்குக் குணபாலரே வந்தார். அடுத்த ஊரிலிருந்து திரும்பியிருந்த மாசிலாமணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அக்கா மன்னரை வாழ்த்தினாங்க. அதுக்கு மேல பிள்ளைகளைப் பத்தியும் சொன்னாங்க. அதை வெட்டினது நான். தப்பு என்னோடது."

குணபாலர் அருகிலிருந்த அதிகாரியோடு கலந்தாலோசித்தார்.

"மேற்கோள்காரர் என்பவர் பிறர் சொல்லை எடுத்துரைப்பவர். அவருக்கெனச் சொந்தச் சொல் கிடையாது. ஆகவே இப்போது இவர் பேசியது எவருடைய பேச்சு?"

"எவருடைய பேச்சும் அன்று, ஐயா" என்றார் அதிகாரி.

"எனில் அது பேசப்படவில்லை."

தீர்ப்பு மிக மென்மையானது என்று பிற்பாடு எல்லோரும் பாராட்டினார்கள். சிறை இல்லை, அபராதம் இல்லை, அடி இல்லை. இன்மொழி நாட்டில் எவருடைய பேச்சுரிமையும் பறிக்கப்படாது என்று குணபாலர் நினைவூட்டினார். தையல்நாயகி விரும்பும்போதெல்லாம் மேடையேறி விரும்பியதைப் பேசலாம். ஆனால் அவள் பேச்சை எவரும் மேற்கோள் காட்டக் கூடாது. அவளுக்கு எவரும் மறுமொழி சொல்லக் கூடாது.

சில நாள் கழித்து, ஒரு காலை வேளையில், அரண்மனை உரை முடிந்ததும் அவள் மேடையேறினாள். தலை வாரியிருக்கவில்லை. மாசிலாமணி பச்சைக்கரைத் துண்டோடு கீழே வேலையில் நின்றிருந்தான், அவனைக் கவனிக்க ஊரிலேயே இருத்தப்பட்ட அடைக்கலம் பக்கத்தில் நின்றான்.

"பவளம் போயிட்டா" என்றாள்.

திடலில் அவள் தெருக்காரர்கள் இருந்தார்கள். பவளத்தைத் தூக்கி வளர்த்த பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வாய்வரை வந்ததைப் புடவைத் தலைப்பால் அடைத்துக்கொண்டாள். 'ஐயோ' என்பதும் மறுமொழிதானா என்று ஒருவர் அடைக்கலத்திடம் கிசுகிசுத்தார். ஆமாம் என்று தலையசைத்தான் அடைக்கலம். மாசிலாமணி அப்போதுதான் அந்தச் செய்தியைக் கேட்கிறான். 'எப்பக்கா?' என்ற சொல் அவன் நாக்கில் வந்து நின்றது. அடைக்கலத்தின் கை அவன் தோளில் இருந்தது. அவன் கேட்கவில்லை.

அவள் ஒரு பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கிப் போனாள்.

அன்று மாலை இருவரும் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டு வாசலில் அவன் காலைக் கழுவச் செம்பை எடுத்தபோது, தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செம்பைக் கவிழ்த்தான்.

மறுநாள் அவள் மேடையேறி மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னாள். மாசிலாமணி துண்டை எடுத்து அடைக்கலத்தின் கையில் கொடுத்துவிட்டு மேடையேறினான்.

"உன் பிள்ளை சாயத் தண்ணியக் குடிச்சுத்தான் செத்தாக்கா" என்றான். அவன் குரல் கணீரென்று இல்லை. "'எங்க பிள்ளைங்க மட்டும் சாகட்டும்னு விடலாமா'ன்னு கேட்ட. அதுக்கு நான் பதில் சொல்லாம வெட்டிட்டேன். விடக் கூடாதுக்கா. இதான் பதில்."

அவள் அன்றுதான் அழுதாள்.

அவனுக்கும் அதே தீர்ப்பு வந்தது. அதன்பின் தினமும் இரண்டு பேரும் மேடையேறினார்கள். "ஆத்துத் தண்ணியக் குடிக்காதீங்க" என்று அவள் சொல்வாள். "குடிக்காதீங்க" என்று அவன் சொல்வான். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் சிலர் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்குப் போகாமல், ஊருக்கு வெளியே இருந்த பழங்கிணற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

இது குணபாலரின் காதுக்கு எட்டியது.

"தண்டிக்கப்பட்டவர் ஒன்றைச் சொல்கிறார். கேட்டவர் அதற்கேற்ப நடக்கிறார். எனில் நடையும் ஒருவகை மறுமொழியே" என்று அவர் விளக்கம் அளித்தார். கிணறு தூர்க்கப்பட்டது.

அடுத்த வருஷம் இன்மொழி நாட்டின் பேச்சுரிமையைப் பார்வையிட அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அங்கேயும் பேசுவது இதே மொழிதான். கருவேலி மன்றுக்கு அவரை அழைத்து வந்தார்கள். தண்டனை பெற்ற இருவர்கூட மேடையில் தடையின்றிப் பேசுவதைக் குணபாலர் கைநீட்டிக் காட்டினார். தூதர் வியந்தார்.

வெயில் கடுமையாக இருந்தது. விருந்தினருக்கு வெள்ளிக் குவளையில் தண்ணீர் வந்தது. அரண்மனையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் வழியில் தீர்ந்துவிட்டதால் ஊரிலேயே மொண்டு வந்திருந்தார்கள். குவளைக்குள் இருந்த தண்ணீரின் நிறம் மேடையின் உயரத்திலிருந்து தெரிந்தது.

"குடிக்காதீங்க!" என்று தையல்நாயகி அலறினாள். மாசிலாமணி மேடையிலிருந்து குதித்தே வந்துவிட்டான். காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடியிலிருந்தபடியே அவனும் கத்தினான்: "குடிக்காதீங்கய்யா!"

தூதருக்குக் காது கேட்கும். அந்தச் சொல்லின் பொருளும் தெரியும். குவளை உதட்டருகே நின்றது. ஆனால் ஒரு நாட்டுக்குப் போனால் அந்த நாட்டின் மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பழகியவர் அவர். எனவே மேற்கோள்காரர் பக்கம் திரும்பிப் பணிவாகக் கேட்டார்:

"இவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

தண்டனை பெற்றவர்களை மேற்கோள் காட்டலாமா என்று அடைக்கலம் அமைச்சரைப் பார்த்தான். விருந்தினருக்காக இந்த ஒருமுறை விலக்கு உண்டு என்று குணபாலர் புன்னகையோடு கைகாட்டினார். அடைக்கலம் தொண்டையைச் செருமி, எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினான்.

"'குடி' என்கிறார்கள், ஐயா."

தூதர் மேடையை நோக்கி நன்றியுடன் தலைவணங்கிவிட்டு, குவளையை ஒரே மூச்சில் காலி செய்தார். மன்று கைதட்டியது.