எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே கோட்டு

"ஒரு காயிதம் கெடையாது அந்த ஆளுகிட்ட. நீ மனு எழ்தி இன்னாத்துக்கும்மா ஆவப்போவுது?" என்று மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே என்னைக் கேட்டவர் பிலோமினா அத்தை. அந்தக் கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று அந்த ஆளைப் பற்றி, இன்னொன்று என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிவிட்டு மணலியில் ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்வார்கள் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும்.

"அந்த ஆள்" என்றால் கோட்டு நைனா. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவர் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய் நின்ற கல்யாணம் ஒன்று உண்டு. அதற்கும் கோட்டு நைனா சரியான நேரத்துக்கு வந்திருந்தார்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது, அவருக்குத் தபாலே வராது. ஹார்பரில் கப்பல் மேல் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் நாலு மாடி பிளாக்கில் மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறைதான் வீடு. குனிந்து உள்ளே போய், குனிந்தே வெளியே வருவார். நிமிர்ந்து நின்று அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

கல்யாணம் என்றால் கோட்டு. கருநீலம், பித்தளைப் பொத்தான் நான்கு. அது அவர் கைக்கு வந்த கதையை இரண்டு விதமாகச் சொல்வார். "கிரீஸ் கப்பல் கேப்டன் ஏணில இருந்து ஸ்லிப் ஆயிட்டான். ஒத்த கையால புட்ச்சேன். அப்டியே கயட்டி என் தோள்ல போட்டுட்டான்" என்பது முதல் கதை. இரண்டாவதில் ஒரு கப்பல் சமையல்காரனோடு கை மடக்கும் பந்தயம் வரும். அவரோடு ஒரே கேங்கில் வேலை செய்த என் அப்பா சொல்வது மூன்றாவது கதை. "ரெண்டு பொட்லம் நெத்திலிக் கருவாடு குட்த்து வாங்கினாரு. அதுலயும் பாதி மணலு."

எப்படி வந்ததோ, வந்த கோட்டை அவர் பூட்டி வைக்கவில்லை. தெருவில் எந்த ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும், பெண் வீட்டுக்கு அனுப்பப் போட்டோ என்றாலும், கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரே ஒரு சிக்கல், அது ஆறடிக்கு மேல் இருந்த ஒரு வெள்ளைக்காரனுக்குத் தைத்தது. எங்கள் தெரு மாப்பிள்ளைகள் அதற்குள் போனால் கூடாரம் அடித்த மாதிரி இருக்கும்.

அதற்கு கோட்டு நைனா ஒரு வழி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் கையை விட்டு, மிச்சத் துணி முழுவதையும் ஒரே பிடியாகச் சுருட்டிப் பிடித்துக்கொள்வார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த கோட்டு. பின்னால் ஒரு மனிதனின் முஷ்டி.

ஆக, கோட்டு இருக்கும் படத்தில் எல்லாம் அவரும் இருந்தாக வேண்டும்.

இவையெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதைகள். அப்போது போட்டோ எடுப்பது ஒரு நாள் வேலை. மெயின் ரோட்டிலிருந்து போட்டோக்காரரை அழைத்து வர வேண்டும். கைக்கடிகாரத்தை ஒரு வீட்டில் வாங்க வேண்டும், டிரான்சிஸ்டரை இன்னொரு வீட்டில். தண்ணீர் லாரி வந்து குடங்கள் எல்லாம் நிரம்பி, பெண்கள் முகம் கழுவிப் பவுடர் போடுவதற்குள் பத்து மணி ஆகிவிடும். பத்திலிருந்து பதினொன்று வரைதான் பிளாக்குக்குள் வெயில் விழும். அதுவும் மாடிப்படிக்குக் கீழே, கோட்டு நைனா அறை முன்னால் மட்டும். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டை அவர் கதவுக்கு அடித்திருந்தார். பிளாக்கிலேயே வெற்றிலை எச்சில் படாத இடம் அந்தக் கதவு ஒன்றுதான். எல்லோரும் அதை ஒட்டி நின்றார்கள், கதவுக்கு நேராக நிற்பது கோட்டு நைனா.

ஒரு வீட்டுக்கு இரண்டு படம் எடுத்தாலே பெரிய விஷயம். அதனால் யாரும் சிரிக்க மாட்டார்கள், மூச்சு விடுவதற்குக்கூட யோசிப்பார்கள். கோட்டு நைனா மட்டும் கேமராவைப் பார்க்காமல் பொத்தானையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நைனா, இங்க பாரு" என்பார் போட்டோக்காரர்.

"கேமராவ நீ பாரு. கோட்ட நான் பாத்துக்கறேன்."

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு திருவொற்றியூர் விவகாரம் வந்தது. அங்கே ஒரு பெண்ணுக்கு எங்கள் தெருவிலிருந்து மூன்று வீட்டார், ஒருவருக்கொருவர் தெரியாமல், பையன் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பிளாக் வாசலில் நின்று சத்தமாகவே கேட்டார்.

"இன்னாபா, உங்க தெருல மாப்ளைங்களுக்கு யூனிபாரமா?"

கேட்டுவிட்டு மூன்று படங்களையும் சீட்டு மாதிரி விரித்துக் காட்டினார்.

"சரி, அத்த வுடு. மூணு போட்டோலயும் ஓரமா ஒர்த்தரு நிக்கறாரே, புள்ளைக்கு இன்னா மொறை?"

மூன்று வீட்டாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் பெரியப்பா என்றார், ஒருவர் சித்தப்பா என்றார், இன்னொருவர் தாய்மாமன் என்றார்.

பெண்ணின் அப்பா மூன்று படங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒரே ஆளு ஒர்த்தனுக்குத் தாய்மாமன், ஒர்த்தனுக்குப் பெரியப்பாவா? இத்தக் கேட்டா எனுக்குத் தலைய சுத்துது சாமி. நான் வரேன்."

அறையிலிருந்து குனிந்து வெளியே வந்த கோட்டு நைனா அவரைப் பஸ் நிறுத்தம் வரை துரத்திக்கொண்டே போனார். "அண்ணாத்த, நான் யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் கோட்டோட வந்தவன்!" என்று கத்தினார். அந்தச் சம்பந்தம் மூன்று பேருக்குமே கிடைக்கவில்லை.

அன்று முதல் தெருவில் கத்தரிக்கோல் வேலை ஆரம்பித்தது. வீட்டுக்கு வரும் சம்பந்தி யாராவது "இவரு யாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ஒவ்வொரு வீடாக ஃபிரேமைக் கழற்றி ஓரத்தை நறுக்கினார்கள். எங்கள் தெருவில் எதுவும் ரகசியமாக நடக்காது. கோட்டு நைனா கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில் கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வெட்டிட்டியா? சரி. என்னைக் குப்பைல போடாத, இப்டிக் குடு."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். நாளடைவில் அவரவர் சொந்தமாகவே கோட்டுத் தைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கருநீலக் கோட்டு பூசணம் பிடித்து ஒரு மழைக்காலத்தோடு முடிந்துபோனது. பெயர் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது.

எனக்கு நினைவு தெரிந்து அவர் படிக்கட்டடியில் உட்கார்ந்து, நான் ஸ்கூல் பையோடு இறங்கும்போதெல்லாம், "இன்னா டிகிரி, கெளம்பிட்டியா?" என்பார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. டிகிரி வாங்கி வந்த அன்றும் அதையேதான், அதே குரலில் கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிளாக்கை இடிப்பது என்று முடிவானது. இடித்த இடத்திலேயே புதிது கட்டி, முன்பு குடியிருந்தவர்களுக்கே வீடு கொடுப்பார்கள். பட்டியல் ஒட்டினார்கள். எல்லாப் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர. ஒண்டிக்கட்டைக்குத் தனி கார்டு எதற்கு என்று எண்ணூரில் இருக்கும் அவருடைய அக்கா அந்தக் காலத்திலேயே அவரைத் தன் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டிருந்தார். காகிதத்தின்படி அவர் எண்ணூர்வாசி. அறைக்கு நம்பரும் கிடையாது. பதிவில் அது "பொருள் வைக்கும் இடம்."

எல்லோரும் வாடகை வீடுகளுக்குப் போனோம். அவர் அக்கா வீட்டுக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார்.

"வூடு இல்லன்னா போவட்டும் டிகிரி. எங்கன்னா பட்த்துக்குவேன். ஆனா நான் இங்க இருந்ததே இல்லன்னு எழ்திட்டானுங்களே. அதான் பேஜாரா கீது."

அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன். பிலோமினா அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். அத்தையை நான் கண்டுகொள்ளவில்லை. மனுவில் பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் இருந்த அம்மையார் பொறுமையானவர். மனு முழுவதையும் படித்தார். "உங்க எழுத்து நல்லா இருக்கு" என்றார். இதைப் பதிவு செய்துவைக்கிறேன். பிறகு, "ஆனா ஆதாரம் வேணுமேம்மா. அந்த அறைல அவர் குடியிருந்தாருன்னு காட்டற மாதிரி பழைய போட்டோ ஏதாவது இருக்கா? கதவோட, ஆளோட" என்று கேட்டார்.

"எங்க தெருவுல எல்லார் வீட்டுச் சுவர்லயும் இருக்கு மேடம்" என்று தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். கத்தரிக்கோலை மறந்துவிட்டேன்.

வீடு வீடாகப் போனபோதுதான் புரிந்தது. மாப்பிள்ளை இருந்தார், மணப்பெண் இருந்தாள், இரவல் கடிகாரம்கூட இருந்தது. ஓரத்தில் ஆளும் இல்லை, கதவும் இல்லை. ஒரு படத்தில் தோள்பட்டை மட்டும் இருந்தது. பிலோமினா அத்தை வீட்டுப் படத்தில் கால் செருப்பு ஒன்று மிஞ்சியிருந்தது.

"செருப்ப வெச்சி வூடு குடுப்பானா?" என்றார் அத்தை.

எண்ணூருக்கே போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். திறந்தேன். நிறைய நிறைய கோட்டு நைனாக்கள். நீளமாகவும் குட்டையாகவும், ஒவ்வொருவரும் ஒரு நீலக் கதவின் முன்னால் நின்று, பக்கத்தில் இல்லாத யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி தபா வெட்டினாலும் நான் இங்கதான கீறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் காம்பவுண்டில், சிமெண்ட் பெஞ்சுகளின் மேல் எல்லா வீட்டுப் படங்களையும் பரப்பினோம். காற்றுக்குப் பறக்காமல் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து எந்தப் படத்தோடு சேருகிறது என்று பார்த்தோம். பழைய தெருவே வந்து குனிந்து நின்றது. "டேய், இது உங்கப்பன் கோட்டுடா." "அந்த வாச்சு எங்களுது, இன்னும் திருப்பித் தரல." "இது யாரு, இம்மாம் ஒல்லியா?" "நான்தான், மூடு." பிலோமினா அத்தை மீன் துடுப்பு வெட்டும் கத்தரியால் நறுக்கியிருந்ததால் ஓரம் பல் பல்லாக இருந்தது. துண்டை வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியா, ஒரு பல்லு பெசகல! நான் வெட்னா அப்டி" என்று பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. எந்தப் படத்தோடும் சேரவில்லை. அதை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் வீட்டுச் சுவரில் நான் தினமும் பார்த்த அப்பா அம்மா கல்யாணப் படம். அதில் ஒரு ஓரம் குறைந்திருக்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"நான்தான் வெட்னேன்" என்றாள். "உன்னை ஸ்கூல்ல சேக்கறப்ப குடும்ப போட்டோ எடுத்தாரச் சொன்னாங்கோ. சிஸ்டரு இது யாருன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? எனுக்கு பயமா போச்சி. நாம மட்டும் இருந்தா நல்லா இருக்கும்னு..."

கோட்டு நைனா குறுக்கே வந்தார். "அட, வுடும்மா. நீ வெட்னப்ப வாங்கிக்கினு போனேன்ல? அட்மிசன் கெட்ச்சிடுச்சான்னு மறுநாளு வந்து கேட்டேன். கெட்ச்சிடுச்சின்னு சொன்ன. வேற இன்னா ஓணும்?"

என் கையெழுத்து, என் பட்டம், என் மனு என்று இத்தனை நாள் நான் நிமிர்ந்து நடந்ததில் ஒரு ஓரத்தை அவர் கொடுத்திருக்கிறார். அன்று பசையை எடுத்து எங்கள் வீட்டுப் படத்தை நானே ஒட்டினேன். கோடு தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

படங்களை வரிசையாக ஒட்டி எடுத்துப் போனபோது அந்த அம்மையார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாப் படத்துலயும் அதே கதவு, அதே ஆள்... ஏம்மா, ஒண்ணுல கூட இவர் கேமராவைப் பார்க்கலியே?" என்றார். காரணத்தைச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரை அழைத்து அவருக்கும் சொல்லச் சொன்னார். சிரித்து முடித்த பிறகு மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி வரியில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் இருந்தது. தெருவே கூடி நின்று "யாருப்பா இது, புச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவர வேண்டியிருந்தது.

எந்த வீடு யாருக்கு என்று இனிமேல்தான் பிரிப்பார்கள். தரைத்தளத்தில் எங்களுக்கு எதிர்வீட்டை அவருக்கே ஒதுக்க வேண்டும் என்று இன்னொரு மனு எழுதி நேற்றே கொடுத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காரணம் கேட்டிருந்த இடத்தில் நீளமாக எழுத நிறைய இருந்தது. "பழகிவிட்டது" என்று மட்டும் எழுதினேன்.