மூன்றாம் கம்பத்து ஸ்டிக்கர்

வாசகரே, மனித குலத்தில் ஸ்டிக்கர் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பினாங்கில் மழைக்குப் பஞ்சமில்லாதது போல இந்த இனத்துக்கும் பஞ்சமில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் தீயணைப்புக் குழாய்ப் பெட்டி இருக்கிறது. நம்மவர் அதன் முன் நின்று, கதவில் ஒட்டியிருக்கும் சீட்டைக் குனிந்து படித்து, தேதி செல்லுபடியாகிறது என்று கண்டு முகம் மலர்ந்து, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். பெட்டிக்குள் குழாய் இல்லை. அது கீழே யாருடைய காரையோ கழுவிக்கொண்டிருக்கிறது.

பால் புளித்திருந்தால் நீங்களும் நானும் கொட்டிவிடுவோம். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று சொல்லி மீதியையும் குடிப்பார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமல், தெர்மாமீட்டர் எந்த வருடம் வாங்கியது என்று விசாரிப்பார். கெட்டவரா? இல்லவே இல்லை. கெட்டவராக இருந்தால் சமாளித்துவிடலாமே.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெயர் தியாகராஜன். டத்தோ கிராமாட் வாசி. பத்து காவானில் நான் ஸ்டோர் பார்க்கும் ஆலைக்கு, தலைமை அலுவலகத்தின் ஆய்வாளராக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீவிலிருந்து பாலம் தாண்டி வருவார். எங்களிடம் ஒரு தே தாரிக் கூடக் குடிக்கமாட்டார். தண்ணீர் போத்தல், இரண்டு பிஸ்கட், பேனா, பூதக்கண்ணாடி, அடிக்கோல் எல்லாம் சொந்தமாகக் கொண்டுவருவார். யாராவது மரியாதைக்குப் பசியாறியாச்சா என்று கேட்டால்கூட, அந்தக் கேள்வி எந்தப் பாரத்தில், அதாவது எந்தப் படிவத்தில், வருகிறது என்பதுபோல ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவ்வளவு நேர்மை.

எங்கள் ஆலையில் மருத்துவக் கையுறைகளின் மேல் காமா கதிரைப் பாய்ச்சிக் கிருமி நீக்குகிறோம். கதிர் தரும் உலோகம் தடித்த கான்கிரீட் அறைக்குள் கிடக்கிறது. அது வெளியே கசிகிறதா என்று கண்காணிக்க வேலியின் நாலு மூலையில் நாலு கம்பம், கம்பத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னத் திரை, திரையில் ஓர் எண். மண்ணிலும் கல்லிலும் காற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு என்பதால் இந்த எண் பூஜ்யமாக இருக்காது. மழை பெய்தால் வானத்தில் உள்ளதையும் கழுவிக் கொண்டுவருவதால் கொஞ்சம் ஏறும், வெயிலடித்தால் இறங்கும். உயிரோடு இருக்கும் கருவி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் விஷயம்.

மூன்றாம் கம்பம் ஆடவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை 0.12 காட்டியது. சித்திரையில் 0.12. பெருமழையில் வேலியோரம் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் 0.12. கருவி திரையில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு செத்துப்போயிருந்தது. உலகமே கதிரில் மூழ்கினாலும் அது 0.12 என்றுதான் சொல்லும்.

இதைக் கண்டுபிடித்தவள் துளசி, எங்கள் பாதுகாப்பு அதிகாரி. அவளுக்கு இது வெறும் வேலை விஷயமாக இருக்கவில்லை. மூன்றாம் கம்பத்துக்கு நேர் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் ஒரு கால்வாய், கால்வாயைத் தாண்டினால் ஒரு தடிக்கா, பாலர் பள்ளி. நாற்பத்துமூன்று சின்னப் பிள்ளைகள் அங்கே பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் ஒருத்தி துளசியின் ஐந்து வயது மகள் காமினி. கான்கிரீட் அறையில் என்றைக்காவது கோளாறு வந்தால், அந்தப் பக்கம் கதிர் போகிறது என்று சொல்வதற்கு எங்களிடம் யாருமில்லை. கையில் எடுத்துப்போகும் கருவி ஒன்று இருந்தது, நன்றாக வேலையும் செய்தது. ஆனால் அதன் ஸ்டிக்கருக்குத் தேதி முடிந்துவிட்டதால் தியாகராஜன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தார்.

புதுக் கருவி வாங்க மேலாளர் ஹாஃபிஸிடம் போனாள். நல்ல மனிதர்தான். ஆனால் ஆய்வறிக்கையில் எழுதினால் அன்றைக்கே வாங்குவேன், எழுதாவிட்டால் ஒரு திருகாணிகூட வாங்கமாட்டேன் என்பது அவர் கொள்கை. ஆக, எந்த ஆலையிலும் நடக்காத ஒன்று எங்கள் ஆலையில் நடந்தது. ஆய்வாளர் வருகிறார் என்றதும் எல்லாரும் குறையை மறைக்க ஓட, துளசி ஒருத்தி மட்டும் குறையைக் காட்டக் காத்திருந்தாள்.

தியாகராஜன் வந்தார். மூன்றாம் கம்பத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் கோப்புகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன்.

"இது செத்துப்போச்சு சார். ஏழு மாசமா ஒரே நம்பர்," என்றாள்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். திரை முன்பக்கம் இருந்தது.

"ஸ்டிக்கர் இருக்கு, டேட் இருக்கு, சைன் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குச் செல்லும். செத்துப்போச்சுன்னு எங்க எழுதியிருக்கு?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்க சொல்றது உங்க அபிப்பிராயம் லா, மிஸ் துளசி. ஸ்டிக்கர்தான் டாக்குமெண்ட்."

பிறகு வரைபடங்களைக் கேட்டார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றின் கோடுகள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தன. மூன்றாவது கோடு, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல, ஏழு மாதமும் நேராகக் கிடந்தது. தியாகராஜன் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். இப்படி ஓர் ஒழுங்கை எந்த ஆலையிலும் பார்த்ததில்லை என்றார். மற்ற மூன்றும் ஏன் இப்படிக் கட்டுப்பாடில்லாமல் ஆடுகின்றன என்று கேட்டார். மழை பெய்தால் ஆடும் சார் என்றாள் துளசி. மழைக்குப் பாரம் போட்டீர்களா என்றார் அவர்.

போடவில்லை. அன்றைக்கே அது ஒரு குறையாகப் பதிவானது. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து மழைப் பாரம் வந்து இறங்கியது: மழை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மழைக்குப் பொறுப்பாளர், அவர் கையொப்பம். ஆள் கிடைக்காததால் ஐப்பசி முதல் மார்கழி முழுக்க மழைக்குப் பொறுப்பாளராக நான்தான் கையெழுத்துப் போட்டேன். மழை மூன்று முறை தாமதமாக நின்றதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஆய்வுக்கு முதல் நாள் துளசி ஸ்டோருக்கு வந்து, "அண்ணே, ஒரு பிளேடு குடுங்க," என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அவர் ஸ்டிக்கரைத்தானே பாக்குறாரு. அது இல்லாட்டி கண்டிப்பாக் கருவியத்தானே பாக்கணும்."

அறிவாளிப் பெண். நானும் கூடப் போய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் கம்பத்து ஸ்டிக்கரைத் துளிகூட மிச்சம் வைக்காமல் சுரண்டி எடுத்தோம்.

மறுநாள் தியாகராஜன் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பூதக்கண்ணாடியை வைத்தார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். முகம் வெளுத்து, உட்கார நாற்காலி கேட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து இரண்டரைப் பக்கம் எழுதினார். எங்கள் ஆலையின் சரித்திரத்தில் அவ்வளவு நீளமாக அவர் எதையும் எழுதியதில்லை. துளசி அன்று எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. கண்டறிந்த குறை: ஸ்டிக்கர் இல்லை. ஆபத்தின் அளவு: மிக அதிகம். தீர்வு: ஸ்டிக்கர்.

கருவியின் சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, ஆகவே கருவியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. அவசரம் கருதி நகல் ஸ்டிக்கரை அவரே கொண்டுவந்தார். சனிக்கிழமை, விடுமுறை நாள், காருக்குச் சொந்த எண்ணெய்ச் செலவு. உறையிலிருந்து இரண்டு விரலால் எடுத்து, அடிக்கோல் வைத்துக் கோணம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள் துளசி. "அந்தப் பக்கம் என் மக படிக்கிறா."

தியாகராஜன் அவளைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"தெரியும்மா. அதனாலதான் லீவு நாள்ல நானே வந்து ஒட்டினேன்."

இவரை என்ன செய்வது? திட்ட முடியுமா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துளசி போய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

அழுது முடித்தவள் வேறு ஆளாக வந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். திங்கட்கிழமை காலை நேராக ஹாஃபிஸின் அறைக்குப் போனாள். ஆய்வாளர் இவ்வளவு புகழும் ஒரு கருவியை வெயிலிலும் மழையிலும் விட்டுவைப்பது நியாயமா, வருகிறவர்கள் பார்க்க வரவேற்பறையில் வைத்தால் ஆலைக்குப் பெருமை இல்லையா என்று மலாயில் எடுத்துச் சொன்னாள். ஹாஃபிஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாம் கம்பத்துக் கருவியைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டார்கள். விளக்கடியிலும் அது 0.12 தான் காட்டியது. வந்த விருந்தினர் இருவர் அதனுடன் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே துளசி தியாகராஜனுக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள்: மூன்றாம் கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் அது இடியாக விழுந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. இடமில்லை என்றால் என்ன அர்த்தம் என்றார். வெறும் கம்பம்தான் சார் நிற்கிறது, கம்பத்தில் ஒட்டலாமா என்றாள். கூடவே கூடாது, ஸ்டிக்கர் என்றால் அது ஒரு கருவியின் மேல் இருக்கவேண்டும் என்றார். மறுநாள் காலை, ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஏதுவாக உடனடியாக ஒரு கருவி வாங்குக என்று சிவப்பு மையில் உத்தரவு வந்தது. ஹாஃபிஸ் கொள்கைப்படி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் புத்தம் புதுக் கருவி மூன்றாம் கம்பத்தில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்த ஆய்வில் தியாகராஜன் புதுக் கருவியின் வரைபடத்தைப் பார்த்தார். கோடு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. ஒரு நல்ல குடும்பம் சிதைந்ததைக் கேள்விப்பட்டவர்போல அவர் தாளை மெதுவாக மேசையில் வைத்தார். முன்பிருந்த ஒழுங்கு முற்றிலும் குலைந்துள்ளது, பொறுப்பாளரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதி, துளசியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். துளசி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காமினி வரைந்த படங்களுக்கு நடுவே மாட்டிவைத்திருக்கிறாள்.

ஆகவே வாசகரே, இந்த இனத்தைத் தெருவில் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பூதக்கண்ணாடி எல்லாரிடமும் இருக்காது. உங்களிடம் இருக்காது, ஆனால் அதை வைத்து உங்களை நான் விட்டுவிடப் போவதில்லை. புதுக் கருவி கம்பத்தில் ஏறியதும் உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா இல்லையா? கருவி வந்துவிட்டது, துளசி சிரித்துவிட்டாள், அந்த ஸ்டிக்கர்க்காரருக்கும் நன்றாக வேண்டும் என்று தோன்றியதல்லவா? ஓராண்டுக்கு மேல் யாரும் அளக்காத இடம் அது. நாற்பத்துமூன்று பிள்ளைகள் தினமும் ஓடியாடும் இடம். முதன்முதலாக உயிருள்ள ஒரு கருவி அங்கே கண் திறந்தது. அது என்ன எண் காட்டியது?

துளசி கேட்டாள். கருவி ஏறிய அன்று மழையில் குடை பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்தத் திரையை விட்டு நகராமல் நின்றாள். நல்ல எண்தான், பயப்படாதீர்கள், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. சொல்லவேண்டிய இடத்தில் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன், நீங்கள் கேட்கிறீர்களா என்று பார்க்க.

நீங்கள் கேட்கவில்லை.