ஆலாக்களுக்கு இடாப்பு

மின்சாரம் போய் மின்விசிறி நிற்கும்போது ஒரு சத்தம் கேட்கும்; சத்தம் அறுந்த சத்தம். அது கேட்டால் எனக்கு இடாப்பர் ஞாபகம்தான்.

உலகத்திலேயே கடற்பறவைகளுக்குப் பெயர் வாசித்து வரவு இடாப்புக் கூப்பிட்டவர் தலைமன்னார் இடாப்பர் ஒருவர்தான். மறுப்பவர்கள் வேறு ஆளைக் காட்டட்டும்.

இந்தியாவில் அகதிமுகாமில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர். அங்கே மாதாமாதம் பெயர் கூப்பிடுவார்களாம். ஆள் இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். ஊருக்கென்று படகேறிக் கரைசேராமல் போன தம்பி சூசைக்கும் இவரே குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்லி ஏழு மாதம் ஓட்டினார். எட்டாம் மாதம் தடிமன் பிடித்து மூக்கடைத்தது. இரண்டு குரலும் ஒன்றாகி ஆள் பிடிபட்டார்.

பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. ஒருநாள் கோயிலில் பங்குச் சுவாமி கலியாண அறிவித்தல் வாசிக்கிறார். மாப்பிள்ளைக்கும் இவருக்கும் ஒரே பெயர். அறுபது வயதில் துள்ளி எழும்பி, "இருக்கிறன் சுவாமி!" பெண்ணின் தாய் மயங்கி விழுந்ததாகச் சொல்வார்கள். நான் கண்டது, அந்தத் தாய் செபமாலையோடு இவரை அடிக்க ஓடியதைத்தான்.

காலையில் இறங்குதுறையைத் தாண்டி மணல்திட்டு வரை நடப்பார். சிலநாள் நானும் கூடப்போவேன். அங்கே ஆலா என்னும் வெள்ளைப் பறவைகள் காது கிழியக் கத்திக்கொண்டு நிற்கும். கொப்பியை விரித்து முகாம் ஆட்களின் பெயர்களை வாசிப்பார்.

"பிலோமினா! எங்க பிலோமினா? முன்னுக்கு நிக்கிறவர் கொஞ்சம் குனியும்!"

"அண்ணை, உது பறவையள்."

"தெரியும் தம்பி. அதுக்காக வரிசை குழம்பலாமோ?"

ஒருநாள் சூசையின் மனைவி மாக்கிரட் அக்காவும் வந்தார். இறந்தோர் பெயர்களை வாசிக்கும் பூசைக்குச் சூசையின் பெயரைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கணவரின் அண்ணனான அத்தானின் சம்மதமில்லாமல் அக்கா கொடுக்கமாட்டார். இடாப்பரோ, வராதவனைச் செத்தவனாக்க மாட்டேன் என்று வருடக்கணக்காக மறுத்துவந்தார்.

"ஊரையெல்லாம் கூப்பிடுறியள். அவரை மட்டும் ஏன் கூப்பிடேல்ல? பயமோ அத்தான்?"

"எனக்கென்ன பயம்?" கொப்பியைப் பாராமலே கூப்பிட்டார். "சூசை!"

கத்தல் நின்றது. முழுத் திட்டும் ஒரே கணத்தில் வாய்மூடியது. பிறகு அத்தனையும் எழுந்து, சிறகுச் சத்தம்கூட இல்லாமல், தண்ணீரை உரசுவதுபோல் தாழ்ந்து கடலை நோக்கிப் போயின. வானில் பருந்து இல்லை. கரையில் நாய் இல்லை. நல்ல வெயில், எனக்குக் குளிர்ந்தது. வெறும் மணலில் எண்ணமுடியாத கால்தடங்கள், நடுவில் நாங்கள் மூன்று பேர்.

எவ்வளவு நேரமோ. திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் கத்தத் தொடங்கின. ஆலாக்கள் சிலவேளை அப்படிச் செய்யும் என்று பறவை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பின்னர் சொன்னார். செய்யட்டும். அந்தக் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதில்லை.

இடாப்பர் கொப்பியை மூடினார். திரும்பி நடந்தோம். சந்தியில் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பினார். இருபதடி போனதும் இடாப்பர் கூப்பிட்டார், இவ்வளவு தணிந்த குரல் அவரிடம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

"பிள்ளை, பேரைக் குடு. சுவாமியை மெல்லமா வாசிக்கச் சொல்லு. சத்தம் போட்டால் சூசை வெருண்டுபோவான்."