ஓசையில்லாமல் ஓடிய தண்ணீர் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று தெரிவித்துக்கொண்டு எழுதுவது. தங்கள் வேலைப் பளுவில் நீண்ட கடிதத்தைப் படிக்க நேரம் இருக்காது என்பதால், சொல்ல வந்ததை முதலிலேயே சுருக்கித் தருகிறேன். இவ்வளவு போதும் என்று தோன்றினால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

1. எங்கள் வீட்டுத் தண்ணீர் பில் இம்முறை மூன்று மடங்காகியிருப்பது உண்மை.
2. நாங்கள் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனது அதற்குக் காரணம் அல்ல.
3. சங்கச் செயலாளரும் பிளம்பரும் சொன்னவையும் காரணம் அல்ல.
4. உண்மையான காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். (இந்த இடத்தில் தாங்கள் மனம் வருந்தக் கூடாது.)
5. ஆகவே இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் பின்னறைக்கு நாங்கள் குடிவர வேண்டிய அவசியம் இல்லை.

இனி விவரம். பில் தங்கள் கைப்பேசிக்கே வரும்படி தாங்கள் ஏற்பாடு செய்து கொடுத்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பில் தங்களிடமும் தண்ணீர் எங்களிடமும் வருவதால், என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும் முன்பே ஏன் நடந்தது என்று உங்கள் வீட்டில் முடிவாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, நீங்க குழாயத் தொறந்துட்டு மறந்துடுறீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "இன்னைக்குக் குழாய், நாளைக்கு கேஸ். ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. பின் ரூமுக்கு அவரு பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டாரு" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். எதிர்த்துப் பேசத் தெரியாத நேரங்களில் நான் சொல்வது அதுதான். என் மனைவியோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்படித்தான். தாங்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாடகைக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

பின்னறையைக் குறை சொல்லவில்லை. அது நல்ல அறை. ஆனால் இங்கே என் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. தங்கள் அத்தைக்கு எதிர் வீட்டு அம்மாவோடு வாரம் ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை இல்லாத வாரத்தில் அவளுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. இதையெல்லாம் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வர முடியாது.

மகள் சொன்னதும் நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். வேலைக் காலம் முழுவதும் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். பிறர் பிழை எதைப் பார்த்தாலும் அது என் கண்ணின் பிழையாக இருக்குமோ என்று இரண்டாம் முறை பார்ப்பது என் சுபாவம். எனவே அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் மூடிய பிறகு, மூடியிருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்க்கலானேன். படியிறங்கிப் பாதி தூரம் போனபின் திரும்பி வந்தும் பார்த்தேன். எல்லாம் மூடியே இருந்தன. இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒருமுறை திறந்து மூடினேன். அதைத் தங்கள் அத்தை பார்த்துவிட்டாள். "தொறந்து வெச்சு மறக்குறதுல தண்ணி போகலங்க. மூடியிருக்கான்னு நீங்க தொறந்து தொறந்து பாக்குறீங்களே, அதுலதான் போகுது" என்றாள். பிறகு குழாய் ஒவ்வொன்றின் மேலும் 'மூடியாயிற்றா?' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாளே தவிர, கிழிக்கவில்லை. சீட்டுகள் அத்தனையும் நனையாமல் ஒட்டியபடியே இருக்கின்றன என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஆக, இரண்டாவது விஷயம் தீர்ந்தது. எங்கள் இருவரின் ஞாபகத்திலும் கோளாறு இல்லை.

அடுத்து, குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வீட்டுல ஆளுங்க கூடிட்டாங்களா சார்?" என்றார். இல்லை, இரண்டே பேர்தான் என்றேன். "அப்போ ஒருத்தர் நாலு தடவ குளிக்கிறாங்க" என்றார். அது யார் என்று யோசிக்கத் தொடங்கி, யாருமில்லை என்று தெளிந்து, ஒருவேளை மீட்டரில் பழுது இருக்கலாமோ என்று மெல்லக் கேட்டேன். "மீட்டர் பொய் சொல்லாது சார். மனுஷன்தான் சொல்லுவான்" என்றார். மிகவும் நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னைப் பொய்யன் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்பது இரண்டாம் மாடி திரும்பும்போது புரிந்தது. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முழங்கால் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு பிளம்பர் வந்தார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோலச் சமையலறைச் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "லைன் போச்சு சார். சுவத்துக்குள்ள ஒழுகுது. மொத்தமா ஒடைக்கணும்" என்றார். சுவர் எங்கும் ஈரமே இல்லையே என்று கேட்டேன். "உள்ளுக்குள்ளயே போகும் சார்." எங்கே போகும் என்றேன். "உள்ளுக்குள்ளதான்" என்றார். அதற்கு மேல் கேட்பது அவருடைய தொழிலில் தலையிடுவதாகும் என்று விட்டுவிட்டேன். தங்கள் அத்தைதான், "ஒடைக்கிறதுக்கு முன்னாடி டீ குடிங்க. குடிச்சிட்டு ஒடைக்காமப் போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவைத்தாள்.

இனி யாரையும் கேட்பதில்லை என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். இதை நானே எடுத்தேன் என்பதைத் தாழ்மையுடன் குறிப்பிடுகிறேன். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடினால் மீட்டர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ தண்ணீர் போகிறது. இதற்குப் பிளம்பர் வேண்டாம், செயலாளரும் வேண்டாம். எங்கள் மீட்டர் படிக்கட்டை ஒட்டிய சிறு கதவுக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அதில் கடுகளவு சிவப்புச் சக்கரம் ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் முட்டி போட்டு, கன்னம் தரையில் படக் குனிய வேண்டும். மத்தியானம் யாரும் நடமாடாத நேரமாகப் பார்த்துக் குனிந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல். நான் சந்தோஷப்படும் முன்பே எதிர் வீட்டுக்காரர் படியேறி வந்து, "என்ன சார், சாவி விழுந்துடுச்சா?" என்றார். முழு விவரமும் சொல்லக் கூச்சப்பட்டு, ஆமாம் என்றேன். அவரும் நல்ல மனிதர். பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தார். என் சட்டைப் பையில் இருக்கிற சாவியை இருவரும் கொஞ்ச நேரம் தேடினோம். அவர் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து மீட்டருக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவி, சட்டைக் கையெல்லாம் ஒட்டடையானபோது எனக்கு மனசு தாங்கவில்லை. இருமுவதுபோல் இருமி, சாவியைத் தரையில் நழுவவிட்டு, இதோ இருக்கிறது என்றேன். "இவ்வளவு நேரம் இங்கயா இருந்துச்சு?" என்று அவர் அந்த இடத்தைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் தங்கள் அத்தையை உள்ளே நிறுத்தி, ஒவ்வொரு குழாய்க்கும் கீழே இருக்கும் சின்ன வால்வை ஒன்றன்பின் ஒன்றாக மூடச் சொன்னேன். நான் வெளியே சக்கரத்தோடு இருந்தேன். "நின்னுச்சா?" "நிக்கல." "இப்போ?" "இன்னும் சுத்துது." சமையலறை முடிந்தது, குளியலறை முடிந்தது, துணி துவைக்கும் மெஷினும் முடிந்தது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் மட்டும் பாக்கி. அதை மூடு என்றேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிறகு, "அத விடுங்க. அது மாப்பிள்ள போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள். தங்கள் மேல் அவள் வைத்திருக்கும் மதிப்பை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டல்லவா. நானே உள்ளே போய் அந்த வால்வை மூடிவிட்டு, வெளியே வந்து குனிந்தேன். சக்கரம் நின்றிருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள வால்வைத் திறந்து, டேங்க்கின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்து, என் சிவப்பு மையில் கொஞ்சம் அந்தத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரத்தில், யாரும் எதையும் அழுத்தாமலே, கமோடு முழுக்கச் சிவந்துபோனது. வெற்றியில் இருந்த நான் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். (இந்த வீட்டில் நான் மறந்தது இது ஒன்றே.) அந்த வழியாக வந்த தங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "எத்தன நாளாங்க இப்படி? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். மை என்றேன். நம்பவில்லை. என் மகளைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்துவிட்டாள். மைப்புட்டியைக் கொண்டுவந்து காட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றியும் காட்டிய பிறகுதான் கைப்பேசியைக் கீழே வைத்தாள். "மையா? நல்ல ஆளுங்க நீங்க" என்று என் கையில் ஒரு அடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது நான்காவது விஷயம். டேங்க்கின் நடுவில் ஒரு குழாய் நிற்கிறது. தண்ணீர் மட்டம் அதன் வாய்க்குக் கீழே நிற்க வேண்டும். எங்கள் டேங்க்கில் அது வாய்க்கு மேலே நின்று, எண்ணெய் வழிவதுபோல், ஓசையே இல்லாமல் அந்தக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது மிதவையின் பக்கத்தில் உள்ள ஒரு திருகு. அந்த மிதவை, திருகு உள்ளிட்ட சாமான்கள் அனைத்தையும், போன முறை வந்திருந்தபோது, பழையது கரகர என்று சத்தம் போடுகிறது என்று, தாங்களே கடைக்குப் போய் வாங்கி வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அன்போடு மாட்டிக் கொடுத்தீர்கள். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறவர் எங்கள் கழிப்பறையில் முட்டி போட்டு வேலை செய்ததை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம். தங்கள் கை பட்டதால் தவறாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. தங்கள் கை பட்டது. அதன் பிறகு தவறாயிற்று. அவ்வளவுதான் சொல்கிறேன். பெரிய அளவுகளிலேயே பழகிய கைக்குச் சின்னத் திருகு சற்றுக் கூடிப்போவது இயல்பு. ஆனாலும், மாப்பிள்ளை, நான் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது: தாங்கள் அதை அதிகமாகத் திருகிவிட்டீர்கள்.

நானே திருகைக் குறைத்து, மட்டத்தை இறக்கிவிட்டேன். சக்கரம் இப்போது அசைவதில்லை. அடுத்த பில் தங்கள் கைப்பேசிக்கு வரும்போது தாங்களே பார்ப்பீர்கள். எனவே ஐந்தாவது விஷயத்துக்குத் தனியாக விளக்கம் வேண்டாம். வாடகைக்கு வர இருந்தவரிடம் வீடு காலியில்லை என்று சொல்லிவிடுங்கள். பின்னறைக்கு அடித்த பெயிண்ட் வீண் போகாது. நாங்கள் விருந்தாளியாக வரும்போது அதில் தங்குவோம், பிறகு திரும்பி வந்துவிடுவோம்.

தாங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க மனதார வாழ்த்துகிறேன். கடிதத்தில் எங்காவது அளவு மீறிப் பேசியிருந்தால் அதை என் வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளவும். ஞாபகத்தின் கணக்கில் அல்ல.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் தங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். நான்காவது விஷயம் வரை சிரித்துக்கொண்டு வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத அனுப்ப வேணாம்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"எழுத்துல இல்ல. அவரு வெச்சது சரியாத்தான் இருந்துச்சு. தண்ணி மிச்சமாகட்டும்னு கொறச்சு வெச்சாரு. ஃப்ளஷ் பண்ணினா நமக்குப் பத்தல. நீங்க தெனம் வாளியத் தூக்கிட்டு உள்ள போறத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? அதான் மூடியத் தொறந்து நானே ஏத்தி வெச்சேன்."

வாளி விஷயம் உண்மை. தங்கள் மேலுள்ள மரியாதையால் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாளி தேவைப்படாமல் போனபோது, புதுச் சாமான் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மாப்பிள்ள செஞ்சத எப்படிங்க கொறை சொல்றது? அதோட, உங்ககிட்ட சொன்னா நீங்க அவருக்குக் கடிதாசி எழுதுவீங்க."

எந்தப் பக்கம் திருகினாள், எத்தனை சுற்று திருகினாள், அப்போது அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. ஆகவே இரண்டாவது விஷயம் முன்னைவிட உறுதியாகிறது. அதைச் சார்ந்த ஐந்தாவதும் அப்படியே நிற்கிறது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "இருக்கட்டும். ஒருத்தர நேருக்கு நேரா நீங்க தப்புன்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. இவ்வளவு எழுதிட்டு வீணாக்காதீங்க. கீழ ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க."

போடுகிறேன்: நான்காவது விஷயம் தவறு.