ஜெபக்கூட்டத்துக்கு வந்த கடல்

ஒரு விஷயத்தைப் பாடமாக நடத்துவதற்கும் அது தெரிந்திருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். மேலே இருக்கும் தண்ணீரில் ரப்பர் குழாயின் ஒரு முனையை முக்கி, மறுமுனையைக் கீழே தொங்கவிட்டு வாயால் ஒரு இழு இழுத்தால் போதும், தண்ணீர் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் என்று வருஷா வருஷம் வகுப்பில் செய்துகாட்டுகிறவன். (பிள்ளைகள் கைகூடத் தட்டும்.)

எங்கள் வீட்டு முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் வைத்திருந்தேன். யாராவது ‘மீன்தொட்டி’ என்று சொன்னால் எனக்கு முகம் சுருங்கிவிடும். உப்புத் தண்ணீர், கடையில் வாங்கிய மென்பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஒரு விடுமுறையில் வீடியோக்களாகப் பார்த்து, ‘சம்ப்’ வைத்தே தீருவது என்று முடிவுசெய்தேன். பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வரும். அங்கே அழுக்கு வடிகட்டப்படும். சுத்தமான தண்ணீரை ஒரு மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். இதை என் மனைவி ஜெஸியிடம் படம் போட்டு விளக்கினேன்.

“வாசல்ல இருக்க சம்ப்பே மாசத்துல ரெண்டு தடவ நெறைஞ்சு ரோட்டுல ஓடுது. இப்ப வீட்டுக்குள்ளயும் ஒண்ணா?” என்றாள்.

வண்ணார்பேட்டையில் சாமான்கள் வாங்கிய கடைக்காரரும் ஒரு வார்த்தை சொன்னார். “சார்வாள், மேல ஏறுத குழாய்ல தண்ணி மட்டத்துக்கிட்ட சின்னதா ஒரு ஓட்ட போட்டுருங்க, காத்து போவணும். மாட்டி முடிச்சதும் மோட்டார ஒரு தடவ நிறுத்தியும் பாத்துக்கிடுங்க.”

அறிவியல் வாத்தியாருக்கே பாடமா? சிரித்துக்கொண்டேன். புதுக் குழாயில் ஓட்டை போட மனசு வரவில்லை. போதாக்குறைக்கு, அடியில் இருக்கும் பவளங்களுக்கும் நீரோட்டம் கிடைக்கட்டும் என்று அந்தக் குழாயின் வாயைத் தொட்டியின் பாதி ஆழம் வரை இறக்கிவிட்டேன். தண்ணீர் குறைந்தால் மோட்டார் உறுமுகிறதே என்று கீழ்த்தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். மோட்டாரை நிறுத்தவே இல்லை. ஓடுகிறதை எதற்கு நிறுத்த வேண்டும்?

மூன்று நாள் அற்புதமாக ஓடியது. பெருமை தாங்காமல், அடுத்த மாதம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய ஜெபக்கூட்டத்தை முன்னாலேயே வரவழைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது பேர் வந்தார்கள். பாய் விரித்து, தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். (அப்படி உட்காரும்படி பாயை விரித்தது நான்தான்.) பாட்டு முடிந்தது. சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அவர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடினோம். ஐயரின் ஜெபம் சுருக்கமாக இருக்காது.

பாதியில் கரண்ட் போனது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்ததால் ஐயர் நிறுத்தவில்லை.

“ஆண்டவரே, இந்த வீட்டின்மேல் உம்முடைய கிருபை வெள்ளமாகப் பாயட்டும்” என்றார்.

பாய்ந்தது.

முதலில் என் பாதம் குளிர்ந்தது. ஜெபத்தின் வல்லமை என்றுதான் நினைத்தேன். அப்புறம் வேட்டி நனைந்தது. கண்ணைத் திறந்தால் கீழ்த்தொட்டியின் நாலு பக்கமும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் நின்றதும், ஓட்டை போடாத என் புதுக் குழாய் மேல்தொட்டித் தண்ணீரைத் திருப்பிக் கீழே இறக்கி, வகுப்பில் நான் செய்துகாட்டுவதையே பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தது. கை தட்டத்தான் ஆளில்லை.

“ஏங்க, வேதாகமத்தை எல்லாம் மேல தூக்குங்க!” என்று ஜெஸி கத்தினாள். இருபது பேரும் எழுந்தார்கள். நான் என்ன செய்தேன்? கீழ்த்தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வழிகிற தண்ணீரை அணைத்துத் தடுக்க முடியும் என்று எந்த அறிவியலிலும் கிடையாது. மேலே தண்ணீர் மட்டம் இறங்கி, பவளங்கள் ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டின. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. அழுகை வந்துவிட்டது.

அப்போது மளிகைக்கடை ரெபேக்கா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். “தள்ளுய்யா தம்பி” என்று என்னை விலக்கிவிட்டு, மேல்தொட்டிக்குள் கையை விட்டு, குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். ‘களக்’ என்று காற்றை விழுங்கியது குழாய். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

“எப்படிக்கா தெரியும்?” என்றேன்.

“எத்தனை வருஷம் பேரல்ல இருந்து மண்ணெண்ணெய் எறக்கியிருக்கேன்! வாயத் தூக்குனா நின்னுரும்லா. இது எங்க கடையில நிக்கிற மூணாப்பு படிச்ச பையனுக்கே தெரியும். நீங்க என்ன பாடம்யா நடத்துதீங்க?”

“அறிவியல்” என்றாள் ஜெஸி, மாப்போடு நின்றபடி.

பிளக் எல்லாம் நனைந்துவிட்டதால், கரண்ட் வந்த பிறகும் மோட்டாரைத் தொடக்கூடாது என்று ஜெஸியின் உத்தரவு. மீன்களுக்கு மூச்சு முட்டக்கூடாதே என்று நான் சாம்பார்க் கரண்டியால் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் நின்றபடியே கூட்டத்தை முடித்தார்கள். காபி மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் உப்புக்கரித்ததாகச் சொன்னார்கள். அது பொய்.

ஜெஸியின் தங்கை கணவர் அந்தோணி தூத்துக்குடியில் படகு இன்ஜின் பார்க்கிறவர். போன் செய்ததும், மறுநாள் காலை கேன் கேனாகக் கடல் தண்ணீரோடு வந்து இறங்கினார். வாடிக் கிடந்த பவளங்களைக் காட்டி, செத்துவிட்டனவா என்று கேட்டேன்.

“வத்தம் வந்து தண்ணி உள்வாங்குனா கடல்லயும் இப்படித்தான்வே வெளிய கெடக்கும். ஒண்ணும் ஆவாது, தண்ணிய பைய ஊத்தும்” என்றவர், குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஆனா சகல, கரண்டு போச்சுன்னு கடல் வீட்டுக்குள்ள வந்தத இங்கனதான் பாக்குதேன்.”

அவரே குழாயில் ஓட்டை போட்டார். பத்து நாளில் பவளங்கள் விரிந்தன. மீன்கள் பழையபடி சண்டை போட்டன. அந்தச் சம்ப் இன்றுவரை ஒரு சொட்டு சிந்தியதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் டார்ச்சைத் தேடுவதில்லை. முதலில் காலைத் தூக்கிக்கொள்கிறோம். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம், இப்போது பழக்கமாகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு, கோயிலில் பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனது. மூன்றாவது பெஞ்சில் நான், ஜெஸி, பக்கத்தில் ரெபேக்கா அக்கா. மூன்று பேருடைய காலும் ஒரே நேரத்தில் மேலே போனதை ஐயர் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவரால் பிரசங்கத்தை முடிக்க முடியவில்லை.